மௌனம் சம்மதமா?

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்ற பழமொழி, பெண் பார்க்கப் போன ஏதோ ஒரு வீட்டுக் கூடத்தில்தான் பிறந்திருக்க வேண்டும். பெண் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை வீட்டுக்காரர் பஜ்ஜியை முடித்துவிட்டு, "பேசாமல் இருக்கிறாளே, சம்மதந்தான்" என்று எழுந்துகொண்டார். அவளைக் கேட்டிருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. கேட்காமலே காரியத்தை முடித்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இவ்வளவு வசதியான பழமொழி வேறு கிடையாது.

அந்தப் பழமொழி இப்போது கம்ப்யூட்டருக்குள்ளும் குடியேறிவிட்டது. குடிவைத்தவர்கள் படித்தவர்கள், புத்திசாலிகள், உலகமெல்லாம் மதிக்கும் பொறியாளர்கள். அவர்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. வழக்குக்குக் காரணம் என் நாவலின் பதினேழாம் அத்தியாயம்.

நடந்ததைச் சொல்கிறேன். என் தங்கை மகன் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிற உத்தியோகத்தில் இருக்கிறான். நான் ஒரே நாவலை 'நாவல்', 'நாவல் புதிது', 'நாவல் கடைசி', 'நாவல் கடைசிக்குக் கடைசி' என்று நாலு பெயரில் வைத்துக்கொண்டு, எது நிஜமான கடைசி என்று தெரியாமல் தடுமாறுவதை ஒரு பொங்கல் விடுமுறையில் பார்த்துவிட்டான்.

"மாமா, எங்கள் ஆபீஸில் யாராவது இப்படி வைத்துக்கொண்டால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள்" என்று சொல்லி, 'கிட்' என்று ஒன்றை என் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தான்.

இந்தக் கிட் ஒரு கணக்குப்பிள்ளை. மாறிக்கொண்டே இருக்கும் எழுத்தை இன்றைக்கு இப்படி இருந்தது, நேற்றைக்கு அப்படி இருந்தது என்று நாள்வாரியாகப் பத்திரப்படுத்தி வைப்பது அதன் வேலை. லினக்ஸ் என்ற அமைப்பைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ், ஆயிரக்கணக்கானவர்கள் எழுதி அனுப்பும் நிரல்களைச் சமாளிப்பதற்காக 2005 ஏப்ரலில் இதை எழுத ஆரம்பித்தார். இன்றைக்கு உலகத்தில் எழுதப்படும் நிரல்களில் பெரும் பகுதி இதன் பேரேட்டில்தான் ஏறுகிறது. பேரேட்டுக்குக் களஞ்சியம் என்று பெயர். இதுவரை செய்த மாற்றங்கள் இவைதாம் என்று ஒப்புக்கொண்டு பதிவு செய்வதற்குக் 'கமிட்' என்று பெயர். தேதி, நேரம், பதிவு செய்தவர் பெயர், எதற்காக என்று ஒரு வரிக் குறிப்பு, எல்லாம் அதில் ஏறும். நம் பாஷையில் சொன்னால், அது ஒரு கையெழுத்து.

அப்போது நான் பதினாறு அத்தியாயங்கள் முடித்திருந்தேன். ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. பதினாறையும் அவனே கணக்கில் ஏற்றிக் கொடுத்தான். "இனிமேல் ராத்திரி படுக்கப் போகுமுன் இந்த ஒரு வரியைத் தட்டிவிடுங்கள், மாமா, போதும்" என்று ஒரு கட்டளையை எழுதியும் வைத்தான். கமிட், அதன்பின் 'ஏ' என்று ஒரு சின்ன எழுத்து, 'எம்' என்று ஒரு சின்ன எழுத்து, பிறகு ஒரு குறிப்பு. அதன் பிறகு எல்லாவற்றையும் தொலைவில் உள்ள ஒரு யந்திரத்துக்கு அனுப்பி வைக்க இன்னொரு வரி.

மறுநாள் பதினேழாம் அத்தியாயத்தைப் புதிய கோப்பாக ஆரம்பித்தேன். இருபத்திரண்டு நாள் எழுதினேன். தினமும் அதில் ஒன்றிரண்டு பக்கம் எழுதிவிட்டு, பழைய அத்தியாயங்களில் நாலு வார்த்தை திருத்திவிட்டு, ராத்திரி அந்த வரியைத் தட்டுவேன். 'ஒரு கோப்பு மாறியது' என்று யந்திரம் சமர்த்தாகப் பதில் சொல்லும். நானும் நிம்மதியாகப் படுத்துக்கொள்வேன். இருபத்து மூன்றாம் நாள் கம்ப்யூட்டரின் வட்டு செத்துப்போயிற்று. பழுது பார்க்கிறவர் கையை விரித்துவிட்டார். நான் கொஞ்சமும் பதறவில்லை. தொலைவில் உள்ள யந்திரத்தில்தான் எல்லாம் இருக்கிறதே!

இருந்தது. ஒன்று முதல் பதினாறு வரை, ஒரு கால் புள்ளி குறையாமல் இருந்தது. பதினேழு இல்லை.

"மாமா, அந்தக் கோப்பை நீங்கள் 'ஆட்' செய்யவே இல்லையே" என்றான் மருமகன். ஆட் என்றால் சேர்த்தல். புதிய கோப்பை ஒரு தடவையாவது சேர்க்கச் சொல்லி ஆணையிட்டால்தான் கிட் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அவன் எழுதிக் கொடுத்த வரியில் இருந்த சின்ன 'ஏ', ஏற்கெனவே கணக்கில் உள்ள கோப்புகளை மட்டுமே பார்க்கும். புதிதாக வந்து நிற்பதைத் திரும்பியும் பார்க்காது.

"அப்படியானால் இருபத்திரண்டு ராத்திரி அது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"'ஸ்டேட்டஸ்' என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்கும், மாமா. நீங்கள் கேட்கவில்லை."

நான் கேட்கவில்லை, அதனால் அது சொல்லவில்லை. அது சொல்லவில்லை, அதனால் நான் சரி என்று நினைத்தேன். இருவரும் மௌனம். இருவருக்கும் சம்மதம். அத்தியாயம் போயிற்று.

இது ஒரு கிழ எழுத்தாளனின் அறியாமை என்று தள்ளிவிடலாம். தள்ளுவதற்கு முன் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். அதே கட்டளையில் 'எம்' என்ற எழுத்தையும் குறிப்பையும் போடாமல் வெறுமனே கமிட் என்று சொன்னால், குறிப்பு எழுதுவதற்காகக் கிட் ஒரு பக்கத்தைத் திறக்கும். அந்தப் பக்கத்தின் அடியில், இன்னின்ன கோப்பு மாறியிருக்கிறது, இன்னின்ன கோப்பு கணக்கில் ஏறாமல் கிடக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்கும். அதாவது, கையெழுத்துப் போடுகிறவன் படித்துப் பார்க்க வேண்டும் என்ற நியாயம் இதைச் செய்தவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. குறிப்பைக் கட்டளையோடு சேர்த்தே எழுதிவிடும் குறுக்கு வழி, கமிட் ஆகும் நேரத்தில் அந்தப் பட்டியலைக் கண்ணில் படாமல் செய்துவிடுகிறது. பெரும்பாலோர் நடப்பது அந்தக் குறுக்கு வழியில்தான். எனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டதும் அதுதான்.

இப்போது நம் வீட்டு ரேஷன் கார்டை எடுத்துக்கொள்வோம். அதில் பெயர் சேர்த்தல் என்று ஒரு மனு உண்டு. பெயர் நீக்கல் என்று ஒரு மனு உண்டு. குழந்தை பிறந்தால் கார்டில் தானாகப் பெயர் ஏறாது. மகன் டில்லிக்கு வேலைக்குப் போனால் தானாகப் பெயர் போகாது. மனுவில் ஒருவர் கையெழுத்துப் போட்டு, 'சேர்', 'நீக்கு' என்று சொல்ல வேண்டும். இது தொந்தரவுதான். ஆனால் அதிகாரி ஒருவர் மத்தியானம் வீட்டுக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்திருக்கிற எல்லாரையும் கார்டில் ஏற்றிவிட்டு, அந்த நேரத்தில் வெளியே போயிருக்கிற பாட்டியை 'நீக்கப்பட்டார்' என்று எழுதிவிட்டுப் போனால் நாம் சும்மா இருப்போமா? விருந்தாளி வீட்டில் இருக்கிறார் என்பதால் குடும்பத்தவர் ஆகிவிட மாட்டார். பாட்டி வீட்டில் இல்லை என்பதால் செத்துப் போனவர் ஆகிவிட மாட்டார். பாட்டி கோயிலுக்குப் போயிருக்கிறார். கேட்டால் சொல்லுவோம்.

கிட்டுக்கு முன்னால் இருந்த கணக்குப்பிள்ளைகளுக்கு இந்த மரியாதை தெரியும். 2000-இல் எழுத ஆரம்பிக்கப்பட்ட சப்வர்ஷன் என்ற ஒன்று உண்டு. கிட் பிறந்த அதே 2005 ஏப்ரலில் பிறந்த மெர்க்குரியல் என்ற ஒன்றும் உண்டு. இந்த இரண்டிலும் நிலைமை என்ன என்று கேட்டால், கணக்கில் ஏறாத கோப்புக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடும். கணக்கில் இருந்து, இடத்தில் இல்லாத கோப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி போடும். எவ்வளவு அழகு! 'இது யார்?' என்பது கேள்விக்குறி. 'ஐயோ, காணோமே!' என்பது ஆச்சரியக்குறி. இரண்டு குறிகளும், 'இதை நான் முடிவு செய்ய முடியாது. நீதான் சொல்ல வேண்டும்' என்ற ஒப்புதல்கள். வெறும் கமிட் போட்டால் இவை வந்ததையும் சேர்க்காது, காணாததையும் நீக்காது. காணாமற்போன கோப்பைச் சப்வர்ஷன் அடுத்த தடவை களஞ்சியத்திலிருந்து புதுப்பிக்கும்போது, திரும்பக் கொண்டுவந்தே வைத்துவிடும்.

கிட் என்ன செய்கிறது? கோப்பு இடத்தில் இல்லையென்றால், 'டெலீடட்' என்று எழுதுகிறது. நீக்கப்பட்டது!

சொற்களை வைத்துப் பிழைக்கிறவன் நான். இந்தச் சொல்லை என்னால் விட்டுவிட முடியாது. 'காணோம்' என்பது கண் சொல்லும் சாட்சி. 'நீக்கப்பட்டது' என்பது மனம் செய்த செயல். முன்னதற்கு ஆள் தேவையில்லை. பின்னதற்கு ஓர் ஆள், ஓர் எண்ணம், ஒரு காரணம் தேவை. மாடு கொட்டிலில் இல்லை என்று சொன்னவனிடம், 'மாட்டை விற்றுவிட்டாய்' என்று எழுதி வாங்கினால் அது கணக்கு அல்ல, பொய்ச் சாட்சி. யந்திரத்துக்குத் தெரிந்தது கோப்பு இடத்தில் இல்லை என்பது மட்டுந்தான். அதற்கு மேல் அது எழுதும் ஒவ்வோர் எழுத்தும் ஊகம்.

அதிலும் அந்தச் சின்ன 'ஏ' செய்யும் பாரபட்சத்தைப் பாருங்கள். புதிதாக வந்ததைச் சேர்க்காது; ஆனால் காணாததை உடனே நீக்கியதாகப் பதிந்துவிடும். பிறந்த குழந்தைக்குப் பெயர் எழுத மனு கேட்கிறது. பாட்டியை அடிக்க மனு வேண்டாம்! இது என்ன தர்மம்?

எனக்கு இதுவும் நேர்ந்தது. பதினேழாம் அத்தியாயம் போன சில மாதங்களுக்குப் பிறகு, கோப்புகளை ஒழுங்குபடுத்துகிறேன் என்று மவுஸால் இழுத்துக்கொண்டிருந்தபோது, கை தவறி ஐந்தாம் அத்தியாயம் பக்கத்தில் இருந்த வரவு செலவு ஃபோல்டருக்குள் விழுந்துவிட்டது. நான் பார்க்கவில்லை. அன்றைக்கு ராத்திரி கிட் அதை நீக்கியதாக என் பெயரில் பதிவு செய்தது. கையெழுத்து விழுந்த பிறகு 'டெலீட்' என்று ஒரு வரி, எண்களுக்கு நடுவே திரையில் ஓடியிருக்கும். தீர்ப்பு எழுதின பிறகு குற்றவாளியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவதைப்போல! இரண்டு மாதம் கழித்து அச்சுக்குக் கொடுக்க எண்ணிப் பார்த்தபோதுதான் நாலுக்கு அடுத்தது ஆறு என்று தெரிந்தது.

பதினேழாம் அத்தியாயத்துக்குப் பிறகு என் மருமகன் ஒரு பரிகாரம் சொல்லியிருந்தான். "ஆட் என்று போட்டுப் பெரிய 'ஏ' போட்டுவிடுங்கள், மாமா. எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். எதுவும் விட்டுப் போகாது." இங்கேயும் ஒரு சரித்திரம் உண்டு. ஆரம்பத்தில், ஒரு ஃபோல்டரைக் காட்டி ஆட் என்று சொன்னால் கிட் அதில் உள்ளவற்றைச் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளும். 2014-இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து, ஃபோல்டரைக் காட்டிச் சேர் என்று சொன்னால் அதில் காணாமற்போனவற்றை நீக்கியதாகவும் சேர்த்தே குறித்துக்கொள்கிறது. முன்கூட்டியே எச்சரித்துத்தான் மாற்றினார்கள். பெரிய 'ஏ' செய்வதையே இதுவும் செய்தால் குழப்பம் இராது என்பது அவர்கள் கட்சி. இருக்கட்டும். ஆனால் 'சேர்' என்ற வார்த்தையின் வயிற்றுக்குள் 'நீக்கு' என்ற அர்த்தத்தை வைத்தால், அந்த வார்த்தையை நம்பிப் பேசுகிறவன் கதி என்ன?

நான் பெரிய 'ஏ' போட ஆரம்பித்தேன். அந்த நாவலின் களஞ்சியத்தைப் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கும் நண்பருக்கும் திறந்து விட்டிருந்தேன். ஒருநாள் காலையில் அவர் டெலிபோனில் கூப்பிட்டார்.

"ஐயா, புது அத்தியாயம் படித்தேன். அந்தப் பாகப்பிரிவினைச் சண்டை பிரமாதம். கண்ணில் ஜலம் வந்துவிட்டது. ஆனால் கதாநாயகனுடைய பெயருக்குப் பதிலாகத் தங்கள் பெயரே விழுந்திருக்கிறதே, மாற்றிவிடட்டுமா?"

அது அத்தியாயம் அல்ல. ஊரில் இருக்கும் என் அண்ணாவுக்கு, அனுப்புவதா வேண்டாமா என்ற யோசனையில் எழுதி, அதே ஃபோல்டரில் போட்டு வைத்திருந்த கடிதம். அனுப்பக் கூடாது என்று முடிவும் செய்திருந்தேன். என் மனம் வேண்டாம் என்றதை யந்திரம் வேண்டும் என்று எடுத்துப் போய் ஒருவரிடம் கொடுத்துவிட்டது. மறுநாள் அதை நீக்கிக் கமிட் போட்டேன். மருமகன் சிரித்தான். "இன்றைய பக்கத்திலிருந்துதான் போயிற்று, மாமா. நேற்றைய பக்கத்தில் அப்படியேதான் இருக்கும். பேரேட்டில் பழைய பக்கத்தைக் கிழிக்கக் கூடாது என்பதுதானே இதன் பெருமையே!" பழைய பக்கங்களையெல்லாம் திருத்தி எழுதி அந்தக் கடிதத்தை எடுப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று. மெய்ப்பு நண்பரின் மனத்திலிருந்து அதை எடுக்க வழியில்லை.

என் குடும்பச் சண்டை ஒரு பொருட்டல்ல. கடிதத்தின் இடத்தில் ஒரு சாவியை வைத்துப் பாருங்கள். நிரல் எழுதுகிறவர்களின் ஃபோல்டர்களில், தரவுகளைப் பூட்டி வைத்திருக்கும் யந்திரங்களின் கடவுச்சொற்களும் சாவிகளும் சாதாரணமாகக் கிடக்கும். டொயோட்டா நிறுவனம் 2022 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் கார்களுக்கான ஓர் இணையச் சேவையின் நிரலில் ஒரு பகுதியை, அந்த வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த நிறுவனம் 2017 டிசம்பரில் கிட்ஹப் தளத்தில் தவறுதலாக எல்லாரும் பார்க்கும்படி வைத்துவிட்டது. அதற்குள் தரவு யந்திரத்தின் சாவி ஒன்று இருந்தது. 2022 செப்டம்பரில் கண்டுபிடிக்கும் வரை, ஏறக்குறைய ஐந்து வருஷம் அது அங்கேயே இருந்தது. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்திருக்கக்கூடும் என்று நிறுவனமே சொல்லிற்று. களஞ்சியத்தைத் திறந்து வைத்தது ஒரு பிழை. சாவி களஞ்சியத்துக்குள் இருந்தது வேறு பிழை. நான் பேசுவது இந்த இரண்டாவது பிழையைப் பற்றி. கதவைத் திறந்து வைத்தவன் ஒருவன். ஆனால் பெட்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தது யார்? எந்த நாளிலோ யாரோ ஒருவர் போட்ட ஒரு கமிட்டில்தான் அது உள்ளே போயிருக்க வேண்டும். அந்தக் கமிட்டின் பட்டியலைக் கண்ணால் படித்திருந்தால், சாவியையும் பார்த்திருக்கலாம்.

கணக்கில் ஏறக் கூடாதது ஏறினால் இது. கணக்குக்கு வெளியே கிடப்பதைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? 2024 மார்ச் 29-ஆம் தேதி ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர் வெளியிட்ட செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் யந்திரங்களில் கோப்புகளைச் சுருக்கி வைக்கப் பயன்படும் எக்ஸ்-இஸட் என்ற நிரலின் 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகளில், பிறர் யந்திரத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைவதற்கு ஒரு வாசல் வைக்கப்பட்டிருந்தது. நஞ்சின் ஒரு பகுதி, சோதனைக் கோப்பு என்ற வேஷத்தில் களஞ்சியத்துக்குள்ளேயே இருந்தது. ஆனால் அதைக் கிளப்பிவிடும் விசை களஞ்சியத்தில் இல்லை. ஊருக்கெல்லாம் அனுப்பக் கட்டிய பொட்டலத்தில் மட்டுமே இருந்தது. களஞ்சியத்தை உலகமே படிக்கலாம். பெருமையோடு திறந்து வைத்திருக்கிறார்கள். அதில் இல்லாத கோப்பை யார் படிப்பார்கள்? யந்திரத்துக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி அதிகம் பிடிக்கிறதே என்று அந்த மனிதர் சந்தேகப்பட்டதால்தான் வெளிப்பட்டது. அரை வினாடி! கணக்குக்கும் கையில் உள்ள சரக்குக்கும் வித்தியாசம் என்ன என்று ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், அந்த அரை வினாடிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த விசையை வைத்தவன் வேண்டுமென்றே வைத்தான். என் கதையோ வெறும் அசட்டை. ஆனால் அவன் ஒளிந்துகொண்டது, நம் அசட்டை திறந்து வைத்திருந்த அறையில்தான்.

எதிர்க்கட்சியார் சும்மா இருக்கமாட்டார்கள். அவர்கள் சொல்வதையும் கேட்போம்.

முதலாவது: "ஒரு நாளைக்கு இருபது தடவை கமிட் போடுகிறோம். ஒவ்வொரு தடவையும் கேள்வி கேட்டால் வேலை நடக்குமா? நிரல் ஓடும்போது தானாக உண்டாகும் குப்பைக் கோப்புகளே நூற்றுக்கணக்கில் இருக்கும்." இதில் நியாயம் இருக்கிறது. அதற்காகத்தான் புறக்கணிப்புப் பட்டியல் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். இன்னின்ன மாதிரிக் கோப்புகளைப் பார்த்தும் பார்க்காததுபோல் இரு என்று அதில் எழுதி வைக்கலாம். நான் அதை ஆட்சேபிக்கவில்லை. ஒரு தடவை யோசித்து, கையால் எழுதி, களஞ்சியத்திலேயே ஏற்றி வைத்த பட்டியல் அது. அது மௌனம் அல்ல, பேச்சு. குப்பையைப் பட்டியலில் எழுதிவிட்ட பிறகு மிஞ்சுவது நாலோ ஐந்தோ. அந்த நாலைந்துக்குப் பதில் சொல்ல நேரம் இல்லை என்கிறவர், இருபது தடவை கையெழுத்துப் போடவும் நேரம் இல்லாதவராகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது: "எது போனாலும் சரித்திரத்தில் இருக்கிறதே! எடுத்துக்கொண்டால் போயிற்று." ஐந்தாம் அத்தியாயம் அப்படித்தான் திரும்பி வந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போயிற்று என்று தெரிந்தவன் அல்லவா தேடுவான்? இரண்டு மாதம் எனக்குத் தெரியவில்லையே! பதினேழாம் அத்தியாயமோ சரித்திரத்திலும் இல்லை. கணக்கில் ஏறாதவற்றையெல்லாம் கூட்டித் தள்ளுவதற்கென்றே கிட்டில் 'கிளீன்' என்று ஒரு கட்டளை உண்டு. தள்ளியது குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாது, மாயமாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டளையை மட்டும் சாதாரணமாகச் சொன்னால் கிட் மறுத்துவிடும். 'கட்டாயமாகச் செய்' என்று தனியாக ஓர் எழுத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாத இடம் உண்டு என்பது அவர்களுக்கும் தெரிகிறது! அந்த ஞானத்தைக் கமிட்டுக்கும் கொஞ்சம் கடன் கொடுத்தால் என்ன?

மூன்றாவதுதான் அவர்களுடைய பிரம்மாஸ்திரம்: "உன் மனத்தில் இருப்பது யந்திரத்துக்கு எப்படித் தெரியும்?" தெரியாது, ஐயா! நான் இத்தனை நாழி சொல்லிக்கொண்டிருப்பதும் அதைத்தானே? தெரியாதவன் கேட்க வேண்டும். தெரியாதவன் தெரிந்ததுபோல் எழுதக் கூடாது.

நான் கேட்பது அதிகம் இல்லை. கமிட் போடும் நேரத்தில், கையெழுத்து விழுவதற்கு முன்னால், இரண்டு சிறிய பட்டியல்களைக் காட்டட்டும். வந்தவை ஒன்று, காணாதவை ஒன்று. வந்ததற்கு மூன்று பதில்: சேர், இப்போது வேண்டாம், என்றைக்கும் வேண்டாம். காணாததற்கும் மூன்று பதில்: நான்தான் நீக்கினேன், இடம் மாற்றினேன், ஐயோ தெரியாது, திரும்பக் கொண்டு வா. ஆகாத காரியம் அல்ல. சப்வர்ஷனுக்கு ஆமையின் பெயரில் டார்ட்டாய்ஸ் என்று ஒரு முகப்பு உண்டு. கமிட் போடப் போனால் அது ஒரு ஜன்னலைத் திறந்து, ஏறாதவற்றையும் காணாதவற்றையும் பெயர் பெயராகக் காட்டி, பக்கத்தில் கட்டம் போட்டு வைக்கும். எந்தக் கட்டத்தில் குறி போடுகிறோமோ அதைச் சேர்க்கும், அதை நீக்கும். ஆமை என்று பெயர் வைத்தவர்களுக்கு நிதானத்தின் அருமை தெரிந்திருக்கிறது.

யந்திரத்தைச் செய்தவர்கள் மாற்றும் வரை நாம் காத்திருக்க வேண்டாம். அந்த 'எம்' என்ற எழுத்தை விட்டுவிட்டுக் கமிட் போடலாம். பட்டியல் கண் முன்னால் வரும். அல்லது முன்னதாக ஸ்டேட்டஸ் என்று ஒரு வார்த்தை கேட்கலாம். அரை நிமிஷ வேலை. அரை நிமிஷம் இல்லாதவர்கள் வேகத்தைப் பற்றிப் பேசட்டும். கையெழுத்தைப் பற்றிப் பேசும் உரிமை அவர்களுக்கு இல்லை. கைநாட்டு வைக்கிறவருக்காவது, பத்திரத்தை ஒருவர் வாசித்துக் காட்டி, 'சம்மதமா?' என்று கேட்டுவிட்டுத்தான் பெருவிரலில் மையைத் தடவுவார்கள்.

என் மருமகன் இதைப் படித்துவிட்டு, "மாமா, ஒரு அத்தியாயத்துக்காக இவ்வளவு கோபமா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். பதினேழாம் அத்தியாயத்தை நான் மறுபடி எழுதினேன். புத்தகமும் வெளிவந்துவிட்டது. வாசகர்கள் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் முதலில் எழுதியதில், வீட்டை விட்டுப் புறப்படும் மருமகளிடம் வாசற்படியில் நின்றுகொண்டு மாமியார் ஒரு வாக்கியம் சொல்லுவாள். ஒரே வாக்கியம். அது வந்த அன்றைக்கு நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் முற்றத்தில் உலாவிவிட்டு வந்தேன். அதனால் தட்டச்சில் அது ஏறியது மறுநாள்தான். இப்போது அச்சில் இருக்கும் வாக்கியமும் சுமாரானதுதான். அந்த வாக்கியம் அது அல்ல.

அதை நான் நீக்கவில்லை. காணோம், அவ்வளவுதான்.